கஸூயாவின் எலக்ட்ரிக்: எப்போது அடிக்கலாம், எப்போது அடிக்கக் கூடாது

டெக்கன் என்ற சண்டை வீடியோ கேமில் கஸூயா என்ற கதாபாத்திரத்தை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு அடியை நம்பித்தான் எடுக்கிறார்கள். முஷ்டியில் மின்னல் தெறிக்க, "டோரியா!" என்ற கத்தலோடு எதிராளியை அந்தரத்தில் தூக்கிவிடும் எலக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட், சுருக்கமாக எலக்ட்ரிக். ஹெய்ஹாச்சி, டெவில் ஜின், டெக்கன் 8-இல் புதிதாக வந்த ரெய்னா ஆகியோரிடமும் இது இருக்கிறது. ஆனால் கஸூயாவின் ஆட்டம் முழுக்க இதைச் சுற்றியே கட்டப்பட்டிருப்பதால் அவரை வைத்தே சொல்கிறேன். எலக்ட்ரிக்கை எப்படி வர வைப்பது என்பதைவிட அதை எங்கே விடுவது என்பதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள், அதனால் செய்முறையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகலாம்.

முதலில் கை

நீங்கள் திரையின் இடது பக்கம் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு தட்டு, விரலை எடுத்து நடுவுக்கு விடுங்கள், கீழே, பிறகு கீழ்-முன் மூலை. அந்த மூலைக்கு வரும் அதே ஃப்ரேமில் வலது கை குத்து, பிளேஸ்டேஷனில் முக்கோணம், டெக்கன் ஆட்களின் கணக்கில் 2 (1 இடது கை, 3 இடது கால், 4 வலது கால்). முன், நடு, கீழ், மூலை+2. அவ்வளவுதான் உள்ளீடு.

சிக்கல் "அதே ஃப்ரேமில்" என்பதில் இருக்கிறது. டெக்கன் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது, அதாவது ஒரு ஃப்ரேம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. மூலையும் பட்டனும் அந்தத் துளி நேரத்துக்குள் ஒன்றாக விழ வேண்டும். பட்டன் ஒரு ஃப்ரேம் பிந்தினால் மின்னல் இல்லாத சாதா விண்ட் காட் ஃபிஸ்ட் வரும். முந்தினால், அதாவது விரல் இன்னும் கீழே இருக்கும்போதே பட்டன் விழுந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத வேறு அடி வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். சாதா குத்து வந்தால் வலது கையைக் கொஞ்சம் முன்கூட்டிக் கொண்டுவர வேண்டும், வேறு அடி வந்தால் வலது கையைக் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். எதுவுமே பார்க்காமல் நூறு தடவை குத்துவதில் பிரயோசனம் இல்லை. பிராக்டிஸ் மோடில் உள்ளீட்டு வரலாற்றைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள், டெக்கன் 8-இல் ஒவ்வொரு திசையும் எத்தனை ஃப்ரேம் பிடிக்கப்பட்டது என்பது வரை தெரியும். கீழ்-முன் மூலையும் 2-உம் ஒரே வரியில் சேர்ந்து வந்தால் எலக்ட்ரிக். தனித்தனி வரியில் வந்தால் இல்லை.

பேடில் விளையாடுகிறவர்களுக்கு ஒன்று: மூலையை விரலை உருட்டித் தேடாதீர்கள். கீழே அழுத்தியபடியே முன் பக்கத்தை அமுக்கினால் மூலை தானாகவே விழும். அப்படியென்றால் உண்மையில் நீங்கள் ஒத்துப்போக வைக்க வேண்டியது இரண்டே விரல்களை, முன் பக்கத்தை அமுக்கும் இடது கை விரலையும் முக்கோணத்தை அமுக்கும் வலது கை விரலையும். கீபோர்டிலும் லீவர் இல்லாத பட்டன் பெட்டிகளிலும் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும், அதனால்தான் அவற்றில் எலக்ட்ரிக் சீக்கிரம் கைவருகிறது. ஆர்கேட் லீவரில் மணிக்கட்டின் வேகம் வேறு கணக்கு, அதில் கீழேயிருந்து மூலைக்கு லீவர் போய் "டக்" என்று விழும் சத்தத்தோடு பட்டனைச் சேர்த்துப் பழகுவார்கள்.

அப்புறம், ஆன்லைனில் லேக் இருப்பதால் எலக்ட்ரிக் வரவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். உள்ளீட்டுத் தாமதம் திசைக்கும் பட்டனுக்கும் ஒரே அளவில்தான் பொருந்தும். இரண்டும் சேர்ந்தே தாமதமாகும், சேர்ந்தே விழும். ஆகவே எலக்ட்ரிக் சாதா குத்தாக மாறுவதற்குத் தாமதம் காரணம் இல்லை. எதிராளியின் தவறிய அடியைப் பார்த்துத் தண்டிப்பதற்குத்தான் தாமதம் உண்மையில் இடைஞ்சல்.

ஏன் இவ்வளவு மரியாதை

சாதா விண்ட் காட் ஃபிஸ்டை எதிராளி பிளாக் செய்தால், அதாவது தடுத்துவிட்டால், உங்களுக்கு மைனஸ் 10: அவனைவிட 10 ஃப்ரேம் பிந்தித்தான் நீங்கள் மறுபடி அசைய முடியும். டெக்கனில் எல்லா ஆட்களிடமும் 10 ஃப்ரேமில் சேரும் ஜேப் (வேகமான சின்னக் குத்து) உண்டு. ஆகவே மைனஸ் 10 என்றால் அவன் ஜேப் காம்போ (தொடர் அடி) போட்டு உங்களைத் தண்டிக்கலாம், நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அதே குத்தில் மின்னல் சேர்ந்துவிட்டால் பிளாக்கில் பிளஸ் 5. அடி பிளாக் ஆன பிறகும் முறை உங்களிடமே இருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரேம் துல்லியத்துக்கு விளையாட்டு கொடுக்கும் பரிசு 15 ஃப்ரேம் வித்தியாசம். இந்த விளையாட்டில் இவ்வளவு தாராளமான பேரம் ரொம்ப அபூர்வம்.

அடி பட்டால் தூக்கிவிடும், முழு காம்போ கிடைக்கும். காம்போவுக்குள்ளேயே மறுபடி மறுபடி எலக்ட்ரிக் போடலாம், கை சுத்தமாக இருந்தால் சேதம் ஏறிக்கொண்டே போகும். பிளாக் ஆனால் எதிராளியைப் பின்னால் தள்ளும். பொதுவாக டெக்கனில் தூக்கி அடிக்கும் அடிகளுக்கு ஒரு விலை உண்டு, ஒன்று மெதுவாக இருக்கும், இல்லை பிளாக் ஆனால் நீங்கள் காலி. எலக்ட்ரிக் வேகமானது, பாதுகாப்பானது, தூக்கியும் அடிக்கிறது. மூன்றும் ஒரே அடியில்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். பட்டன் அழுத்தியதிலிருந்து குத்து சேர 11 ஃப்ரேம். ஆனால் முன், நடு, கீழ் என்ற மூன்று உள்ளீடுகளைத் தாண்டித்தான் பட்டனுக்கே வருகிறீர்கள், அதையும் சேர்த்தால் மிக நல்ல கைக்கே கிட்டத்தட்ட 14 ஃப்ரேம், சாதாரண கைக்கு இன்னும் சில ஃப்ரேம் கூடும். 14 ஃப்ரேம் என்பது கால் நொடிக்கும் குறைவு. வருவதைப் பார்த்துவிட்டு யாரும் குனிய முடியாது. குனிகிறவன் முன்கூட்டியே ஊகித்துத்தான் குனிகிறான், அடுத்து நான் சொல்லப்போகிற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

பிளாக் ஆன பிறகு என்ன நடக்கிறது

இந்த ஒரு இடத்தை மெதுவாகப் பார்க்கலாம், ஏனென்றால் கஸூயா ஆட்டத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரிக் பிளாக் ஆயிற்று, உங்களுக்கு பிளஸ் 5. எதிராளி பயந்து ஜேப் அழுத்துகிறான் என்று வையுங்கள். அவனுடைய 10 ஃப்ரேம் ஜேப் உங்கள் கணக்கில் 15-ஆவது ஃப்ரேமில்தான் சேரும். நீங்கள் தாமதமே இல்லாமல் இன்னொரு எலக்ட்ரிக் விட்டால் அது 14-இல் சேர்கிறது. ஒரு ஃப்ரேம் வித்தியாசத்தில் அவன் காற்றில் பறக்கிறான். உங்கள் கை இரண்டு ஃப்ரேம் மந்தம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் நடுவில் நீங்கள் தாழ்ந்து பாயும் க்ரவுச் டேஷில் (முன், நடு, கீழ், மூலை என்ற உள்ளீட்டால் வரும் அசைவு) இருப்பதால் ஜேப் தலைக்கு மேலே போகவும் வாய்ப்பு இருக்கிறது, தள்ளிவிட்ட தூரத்தால் ஜேப் எட்டாமலும் போகலாம்.

ஒருமுறை இப்படிப் பட்டவன் அடுத்த முறை கையைக் கட்டிக்கொள்வான். அவன் கையைக் கட்டிக்கொண்டதுதான் உங்கள் வெற்றி. இப்போது நீங்கள் ஹெல் ஸ்வீப் (தாழ்வான கால் அடி) போடலாம், த்ரோ (பிடித்து எறிதல்) போடலாம், வேவ் டேஷ் (அடுத்தடுத்து க்ரவுச் டேஷ்) செய்து முகத்துக்கு நேராகப் போய் நிற்கலாம். எலக்ட்ரிக்கின் உண்மையான சேதம் அது பட்ட இடத்தில் இல்லை, அது வந்துவிடுமோ என்று எதிராளி பட்டனை விட்டு விரலை எடுக்கிறானே, அங்கே இருக்கிறது.

இப்போது பலவீனங்கள்

எலக்ட்ரிக் ஒரு ஹை அடி, தலை உயரத்தில் வருவது. இதுதான் முதலும் கடைசியுமான பலவீனம். குனிந்தால் தலைக்கு மேலே போய்விடும், குனிந்தவன் எழும்போதே தூக்கி அடிக்கும் அடியைப் போட்டுவிடுவான், நீங்கள் கை நீட்டியபடி நிற்பீர்கள். ஆக எலக்ட்ரிக் மட்டுமே தெரிந்த கஸூயாவை வெல்வது சுலபம்: சும்மா குனிந்து உட்கார வேண்டியதுதான். உங்கள் கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எதிராளிக்குக் குனியப் பயம் இல்லையென்றால் அந்த அடிக்கு மதிப்பே இல்லை.

குனியப் பயம் எங்கிருந்து வரும்? மிட் அடியிலிருந்து, அதாவது குனிந்தவனுக்கும் படும் நடு உயர அடியிலிருந்து. க்ரவுச் டேஷ் செய்து, எலக்ட்ரிக் விடாமல், எழுந்தபடியே 1,2 அழுத்தினால் ட்வின் பிஸ்டன்ஸ் வரும், மிட், குனிந்திருப்பவனைத் தூக்கும். பிளாக் ஆனால் மைனஸ் 12, சின்னத் தண்டனை வாங்குவீர்கள், பரவாயில்லை. க்ரவுச் டேஷ் இல்லாமல் வெறும் மூலை+2 இன்னொரு மிட், எதிராளி பட்டன் அழுத்தும்போது குறுக்கே பட்டால் பெரிய பலன் உண்டு. இந்த மிட் அடிகளை நாலு தடவை காட்டிய பிறகுதான் எதிராளி நேராக நிற்கக் கற்றுக்கொள்வான், நேராக நிற்பவனிடம்தான் எலக்ட்ரிக் வேலை செய்யும். நிறையப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஆரம்பத்திலேயே எலக்ட்ரிக்கை வீசிவிட்டு அவன் குனியப் பழகிய பிறகு மிட்டைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது பலவீனம் பக்கவாட்டு. கஸூயாவை இடப்பக்கம் சைடு ஸ்டெப் செய்தால் அவருடைய முக்கியமான அடிகள் நிறையத் தவறும், எலக்ட்ரிக்கும் அந்தக் கணக்கில் வரும். இடப்பக்கம் என்றால் எதிராளியின் சொந்த இடப்பக்கம். அவன் திரையின் இடது ஓரத்தில் நின்றால் மேலே தட்டித் திரைக்கு உள்ளே போவான், வலது ஓரத்தில் நின்றால் கீழே தட்டித் திரையை விட்டு நம் பக்கம் வருவான். கஸூயா ஆடுகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எதிராளி அடிக்கடி நகர ஆரம்பித்துவிட்டான் என்று கண்டால் எலக்ட்ரிக்கை நிறுத்திவிட்டு, வளைந்து போய்ப் பிடிக்கும் அடிகளுக்கு மாற வேண்டும். தவறினால் தண்டனை எப்படியும் முழு காம்போதான்.

மூன்றாவது, பக்கத்தில் நின்று சமநிலையில் இருக்கும்போது எலக்ட்ரிக் மெதுவானது. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எதிராளி 10 ஃப்ரேம் ஜேப் அழுத்தினால் உங்கள் 14 அதற்குப் பின்னால்தான் வரும். பிளஸ் எதுவும் இல்லாமல், நேருக்கு நேர், ஜேப் தூரத்தில் எலக்ட்ரிக் விடுவது அவன் பட்டன் அழுத்த மாட்டான் என்று கடவுளை நம்பி விடுவது. அங்கே நீங்களும் ஜேப் போடுங்கள், மூலை+1 போன்ற மிட் போடுங்கள், அடி எடுத்துப் பின்னால் போங்கள்.

நான்காவது பலவீனம் உங்கள் கையிலேயே இருக்கிறது. பிளாக்கில் பிளஸ் 5-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் ஒரு ஃப்ரேம்தான் இருக்கிறது என்றேன் அல்லவா, பிராக்டிஸில் பத்துக்கு எட்டு வருகிற கை ஆட்டத்தின் கடைசி ரவுண்டில் பத்துக்கு நாலு வரும். அப்போது நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் அடி ஒன்று, உண்மையில் விளையாடிக்கொண்டிருக்கும் அடி வேறு. மின்னல் வரவில்லை என்று கண்ணில் பட்ட உடனே பிளாக் பிடிக்கப் பழகுங்கள். ஜேப் தண்டனை தப்பாது, ஆனால் அதற்கு மேல் எதையாவது அழுத்திப் பெரிய அடி வாங்காமல் இருக்கலாம்.

அப்படியென்றால் எப்போது

சிறந்த இடம், எதிராளி ஒரு அடியைத் தவறவிட்டு அதன் பின்வாங்கலில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம். பேக் டேஷ் செய்து அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள், அவன் காற்றில் அடிக்கட்டும், உடனே க்ரவுச் டேஷ் உங்களை முன்னால் கொண்டுபோகும், எலக்ட்ரிக் சேரும். அவன் அடித்துக்கொண்டிருப்பதால் குனியவும் முடியாது, நகரவும் முடியாது. எலக்ட்ரிக்கின் எல்லாப் பலவீனமும் அந்த ஒரு கணத்தில் இல்லாமல் போகிறது. நல்ல கஸூயா ஆட்டக்காரர்களைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் அடிக்காமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதைக் கவனிப்பீர்கள், வலை விரித்துவிட்டுக் காத்திருக்கும் மீனவரைப் போல.

அடுத்த இடம், எதிராளியின் அடியை பிளாக் செய்த பிறகு. மைனஸ் 15 வாங்கும் அடி என்றால் எலக்ட்ரிக் தாராளமாகச் சேரும், மைனஸ் 14 என்றால் கை சுத்தமாக இருக்க வேண்டும், தூரமும் பார்க்க வேண்டும். கை நம்பகமாக வராதவரை 14-க்கு எலக்ட்ரிக் முயலாமல் எளிதான தண்டனையை எடுப்பது நல்லது. குனிந்து பிளாக் செய்த லோ (கால் உயர) அடிகளுக்கு எலக்ட்ரிக் வேண்டாம், எழுந்தபடி ட்வின் பிஸ்டன்ஸ் 13 ஃப்ரேம், அதுவும் தூக்கும்.

மூன்றாவது, எதிராளியின் முதுகு சுவரில் இருக்கும்போது. அவனால் பின்னால் போக முடியாது, பேக் டேஷ் என்ற வழி அடைபட்டது. பிளாக் செய்தால் மறுபடி பிளஸ் 5, இன்னும் அங்கேயே நிற்கிறான். மிட், லோ, எலக்ட்ரிக் மூன்றையும் கலந்து இங்கேதான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். லோ என்று ஹெல் ஸ்வீப்பைச் சொல்கிறேன், முன், நடு, கீழ், மூலை+4. அதைக் குனிந்து பிளாக் செய்துவிட்டால் நீங்கள் தூக்கி அடிக்கப்படுவீர்கள், அதனால் கொஞ்சமாக, எதிராளி நிமிர்ந்தே நிற்கிறான் என்று உறுதியாகத் தெரிந்தபோது மட்டும்.

எங்கே கூடாது என்றால்: ரவுண்டு தொடங்கிய உடனே முன்னால் பாய்ந்து, எதிராளி குனிந்து எழுந்து ஆடும் பழக்கம் உள்ளவன் என்று தெரிந்த பிறகு, உங்கள் அடி பிளாக் ஆகி நீங்கள் மைனஸில் இருக்கும்போது. கடைசியாகச் சொன்னதில்தான் அதிக ரவுண்டுகள் போகின்றன. மைனஸில் இருந்துகொண்டு 14 ஃப்ரேம் அடி விடுவது அவனுக்கு நீங்களே வழிவிடுவது.

எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்கு

கஸூயாவோடு மோதுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் எலக்ட்ரிக்கை பிளாக் செய்ததும் ஜேப் அழுத்தும் ஆசையை அடக்குங்கள், மேலே சொன்ன கணக்குதான் காரணம். அந்த இடத்தில் நல்ல வழிகள் மூன்று. பேக் டேஷ், இடப்பக்கம் சைடு ஸ்டெப், அல்லது இவன் இன்னொரு எலக்ட்ரிக்தான் விடுவான் என்று தோன்றினால் குனிந்து எழுந்து அடிப்பது. குனிவது மூன்றிலும் ஆபத்தானது, பலனும் அதிகம். எதிராளி மிட் காட்டாத கஸூயா என்றால் தயங்காமல் குனியுங்கள்.

வேவ் டேஷ் செய்துகொண்டே வருகிறவனைப் பார்த்து உறைந்துபோகாதீர்கள். அவன் வந்துகொண்டிருக்கும்போது அவனால் பிளாக் பிடிக்க ஒரு கணம் ஆகும், கொஞ்சம் முன்கூட்டி வேகமான மிட் ஒன்றை நீட்டி வையுங்கள், ஹை வேண்டாம், அவன் தாழ்ந்து வருவதால் மேலே போய்விடும். ஹெல் ஸ்வீப் வந்தால் குனிந்து பிளாக் செய்து தூக்குங்கள், இதில் கருணை காட்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பெரிய தண்டனை விழுந்தால்தான் அவன் லோவை மறப்பான், லோவை மறந்தால் நீங்கள் நிம்மதியாக நின்றே பிளாக் செய்யலாம்.

மின்னல் இருக்கிறதா இல்லையா என்பதை காதாலும் பழகுங்கள். எலக்ட்ரிக் பிளாக் ஆகும்போது வரும் சத்தமும் சாதா குத்து பிளாக் ஆகும்போது வரும் சத்தமும் வேறு. சாதா என்று கேட்ட உடனே 1,2. ஒவ்வொரு முறையும். இந்தத் தண்டனையைத் தவறாமல் எடுக்கும் எதிராளியிடம் கை நடுங்காத கஸூயா குறைவு.

பயிற்சி

தினமும் கொஞ்ச நேரம் போதும், ஆனால் இரண்டு பக்கமும் செய்யுங்கள். திரையின் இடது பக்கம் நின்று நன்றாக வரும் கை வலது பக்கம் போனதும் தடுமாறும், ஏனென்றால் முன் என்பது இப்போது இடது, விரலின் அசைவே வேறு. பலவீனமான பக்கத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்.

நின்ற இடத்தில் எலக்ட்ரிக் வந்தால், பேக் டேஷிலிருந்து எலக்ட்ரிக் பழகுங்கள், பின்னால் போய்க்கொண்டிருந்த விரல் சட்டென்று முன்னால் வர வேண்டும், ஆட்டத்தில் தேவைப்படுவது இதுதான். அதன் பிறகு பிராக்டிஸ் பொம்மைக்கு இரண்டு செயல்களைப் பதிவு செய்து மாறி மாறி வரும்படி வையுங்கள். ஒன்றில் அது நீளமான ஒரு அடியைக் காற்றில் விடட்டும், இன்னொன்றில் சும்மா நிற்கட்டும். அடி தவறும்போது மட்டும் எலக்ட்ரிக் விட வேண்டும், சும்மா நிற்கும்போது விடக் கூடாது. முதலில் விரல் தானாகவே இரண்டுக்கும் பாயும். சும்மா நிற்கும் பொம்மையின் முன் கை அடங்கி நிற்க ஆரம்பித்ததும், ராங்க் ஆட்டத்துக்குள் போகலாம்.